கிருஷ்ணவேணி அக்காவின் வெப்சைட்

திண்டிவனத்தில் பியூட்டி பார்லர் நடத்தும் கிருஷ்ணவேணி, மறதியாக ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மணப்பெண்களை ஒப்புக்கொண்டுவிட்டாள். அதில் ஒருத்தி ஒற்றைப் புருவத்துக்கு மட்டும் மை தீட்டிக்கொண்டு மேடையேறினாள். இனி எந்த நாள் காலி என்று எல்லோருக்கும் தெரிய ஒரு வெப்சைட் வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் கேட்டாள். விழுப்புரத்தில் வெப் டெவலப்மென்ட் படிக்கச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த ஜெசிந்தா, யோசிக்காமல் சரி என்றாள்.

கூடப் படிக்கும் வல்லரசிடம் யோசனை கேட்டதுதான் தப்பு.

"ரியாக்ட் ஃபிரேம்வொர்க்ல பண்ணு, சைட்டுக்கு ரெடிமேடா சட்டம் இருக்கும். அதுலதான் வேலை கெடைக்குது" என்றான். அடுத்த வாரம், "ரியாக்ட் பேஜாரு. வியூவுக்கு மாறிடு" என்றான். மூன்றாம் வாரம் ஸ்வெல்ட். எதையும் அவன் முடித்ததில்லை. எல்லாவற்றுக்கும் யூடியூப் மட்டும் பார்த்திருந்தான். ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துப் புதியதை இறக்கினாள். லேப்டாப் மாவு மிஷின் போல இரைந்தது.

ஒருநாள் கிருஷ்ணவேணி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தில், எதைக் கற்றாலும் முதலில் எழுதிப் பார்க்கும் 'ஹலோ வேர்ல்ட்' மட்டும் இருந்தது.

"உலகத்துக்கு ஏம்மா ஹலோ சொல்லிக்கினு இருக்கிற? என் பேரு எங்க?"

"இன்னும் செட்டப் முடியலக்கா."

"இருபது நாளாவா? மூணு மணி நேரத்துல நான் ஒரு பொண்ணயே மாத்திடுவேன்."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. வெப் பக்கம் எழுத முதல் வாரம் படித்த அடிப்படை மொழியான வெறும் எச்டிஎம்எல்லோடு உட்கார்ந்தாள். மேலே பார்லர் பெயர், நடுவில் ஆவணி முகூர்த்தங்கள், காலி நாளுக்குப் பச்சை, கீழே தொட்டால் போன் போகும் எண். சாயங்காலம் கிருஷ்ணவேணி அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

வல்லரசு பார்த்துச் சிரித்தான். "ஃபிரேம்வொர்க்கே இல்லாம ஒரு சைட்டா?"

"நீ பண்ண சைட்டக் காட்டு. அதப் பாத்து மாத்திக்கிறேன்."

அவன் டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

பத்து நாளில் ஐந்து தேதிகள் சிவப்பாயின. ஒவ்வொன்றையும் ஜெசிந்தாதான் கையால் மாற்றினாள், ஒருமுறை விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே. ஐந்தாவதாகப் பதிந்தவள் வல்லரசின் அக்கா ஆர்த்தி.

"கலர நானே மாத்திக்கிற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"முடியும்க்கா. இன்னும் கொஞ்சம் கத்துக்கணும்."

"கத்துக்கோ. ஆர்த்தி தம்பிகிட்ட மட்டும் கேக்காத. அந்தப் பொண்ணே சொல்லிச்சு."