எருக்குழிப் பக்கத்து மண்

தக்காளிக்காரர் காயைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் கரேலென்று கறுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. போன விளைச்சலும் இப்படித்தான் மண்ணோடு போனது. இந்த முறையும் கைவிட்டால் குத்தகை நிலத்தைக் கொடுத்துவிட்டு, மனைவியின் அண்ணன் கிடங்கில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். மைத்துனர் நாசூக்காக நாலு தடவை கூப்பிட்டும் ஆயிற்று.

இத்தனைக்கும் பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில் மண்ணைக் கொடுத்துச் சோதித்திருந்தார். சத்தெல்லாம் தாராளம் என்று சீட்டு வந்தது.

மனைவிதான் விடவில்லை. மையத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். ஒரு காலை, அலுவலர் அம்மா நேரிலேயே வந்து நின்றார். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு வயலைச் சுற்றினார். சீட்டையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, சீட்டு ஒண்ணு சொல்லுது, செடி வேற சொல்லுது. மண்ணை எங்கே எடுத்தீங்க?"

தக்காளிக்காரரின் கை தானாக எருக்குழிப் பக்கம் நீண்டது.

"படிச்சவங்க பார்க்கப் போற மண்ணாச்சே... இருக்கறதுலயே நல்லதா கொடுப்போம்னு..."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குங்க! காய்ச்சல் உங்களுக்கு, ரத்தம் எங்க அண்ணன்கிட்ட எடுத்துக் கொடுத்த கதை!"

அலுவலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் சொன்னார்: "அவரைத் திட்டாதீங்கம்மா. பையை மட்டும் கொடுத்து அனுப்பினோம். எப்படி எடுக்கணும்னு கூட வந்து காட்டலை. தப்பு எங்க மேலயும் இருக்கு."

தக்காளிக்காரர் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் கேட்டிராத வார்த்தை அது.

மூவரும் வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டினார்கள். எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ எடுத்தார்கள். ஐந்தாம் நாள் அலுவலரே போனில் கூப்பிட்டார். மண்ணில் புளிப்பு ஏறியிருந்தது; சுண்ணாம்புச் சத்து அடிமட்டம். காய் கறுத்தது அதனால்தான். இலையில் என்ன தெளிப்பது, நிலத்தை இடையில் காயவிடாமல் தண்ணீரை எப்படிச் சீராகப் பாய்ச்சுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்து பார்த்தார். கறுத்த காய்கள் போனது போனதுதான். ஆனால் புதிதாகப் பிடித்த காய்கள் அடிப்பக்கமும் பளிச்சென்று பழுத்தன. மைத்துனரின் கிடங்குக்குத் தக்காளிக்காரர் போகவில்லை. அவருடைய தக்காளிக் கூடைகள்தான் போயின.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் விவசாயிகள் கூட்டம். மேசையில், சோதனைக்கு அவர்கள் கொண்டுவந்த பத்தொன்பது மண் பைகள் வரிசையாக இருந்தன. அலுவலர் தக்காளிக்காரரின் பக்கமே பார்க்காமல், "ஒருத்தர் தெரியாம..." என்று ஆரம்பித்தார். மானத்தைக் காப்பாற்றுகிறாராம்!

தக்காளிக்காரரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார்.

"அந்த ஒருத்தர் நான்தாங்க." எருக்குழியிலிருந்து மூட்டை தூக்கப் போக இருந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். "இந்த அம்மா மட்டும் வயல்ல இறங்கலைன்னா நான் இன்னைக்கு இங்கே இல்லை."

முன்வரிசையில் இருந்த பால்காரர் மெல்ல எழுந்து, யாரையும் பார்க்காமல், மேசையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, நீங்களுமா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"நீ பேசாதே. உன் பை கிணத்தடி மண்ணுதானே? நான்தான் பார்த்தேனே!"

சிரிப்பு வெடித்தது. ஒவ்வொருவராக வந்து பையை எடுத்துப்போனார்கள். கடைசியில் மேசையில் மிஞ்சியது மூன்றே மூன்று. அலுவலர் தக்காளிக்காரரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கா? இத்தனை வயலையும் நான் ஒருத்தியா எப்படித் தோண்டறது?"

"மண்வெட்டியோட வந்துடறேம்மா" என்றார் தக்காளிக்காரர்.