வேலிகாத்தான் வெட்டிய பிறகு

அம்முலு என் ஓரகத்தி. என் கொழுந்தன் சின்னப்பையனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த நாள் முதல் நடவுக்குப் போனால் எனக்கு இடது கைப் பக்கம்தான் நிற்பாள். அவள் கைவேகம் எங்கள் ஆட்களில் யாருக்கும் வராது. நாங்கள் கட்டிவைத்த ஒரு முடி நாற்றை நட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த முடியைப் பிரித்திருப்பாள்.

அந்தக் கை இந்தச் சித்திரையில் சுணங்கிப்போனது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். கால் செருப்புக்குள் போகாது. வெயில் சூடு என்று மோர் குடித்துப் பார்த்தாள். இடுப்பு வலிக்கு எப்போதும் போல பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நடவுக் காலத்தில் காலையில் ஒரு டீ, ஒரு மாத்திரை. அதுதான் நாஷ்டா. சோறெல்லாம் அப்புறம்.

கடைசியில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் போனதற்குக் காரணம், எங்கள் வீட்டுப் பெண்களில் பஸ் போர்டும் அறைக்கு மேல் எழுதியிருப்பதும் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் என் மகன் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவனுடைய பழைய புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டது. சின்னப்பையனுக்கு உத்திரமேரூரில் நெல் மூட்டை ஏற்றும் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டாம் முறை போனபோது சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் பொறுமையாகச் சொன்னார். கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது. இப்போதே பார்த்துக்கொண்டால் இதோடு நிறுத்தி வைக்கலாம். விட்டுவிட்டால் மிஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டி வரும், வாரா வாரம் இங்கே வந்து படுக்க வேண்டும். வலி மாத்திரை இனிமேல் தொடவே கூடாது. வெயிலில் வேலை செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வேலை செய்யும்போது தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அம்முலு தரையைப் பார்த்தாள்.

"ஏன் குடிக்கிறதில்ல?"

நானும் தரையைப் பார்த்தேன். அந்த அறையில் எழுதிக்கொண்டு ஒரு ஆண் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்கள் நின்றார்கள். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்முலு சொன்னாள்: "தண்ணி குடின்னு சொல்லிட்டாங்கக்கா. குடிச்சிட்டு எங்க போறதுன்னு சொல்லலியே."

அதுதான் விஷயம். எங்கள் ஊர் ஏரிக்கரை ஓரமாக முன்பு வேலிகாத்தான், அதுதான் சீமைக்கருவேல முள், காடாக மண்டிக் கிடந்தது. நாங்கள் நடுகிற கழனிகள் எல்லாம் அந்தக் கரையை ஒட்டித்தான். குனிந்து வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேராகச் சேர்ந்து அந்த மறைவுக்குப் போய்விட்டு வருவோம். முள் குத்தும், பாம்புக்குப் பயப்பட வேண்டும். ஆனாலும் மறைவு மறைவுதான்.

போன வருஷம் மாசியில் அந்த முள்ளை வெட்டித் தள்ள நூறு நாள் வேலையில் ஆள் கேட்டார்கள். எங்கள் நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற பரிமளா அக்காதான் அலைந்து அந்த இடத்து வேலையை எங்களுக்கு வாங்கினாள். வீட்டுக்குப் பக்கம், தூரமாகப் போக வேண்டாம் என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். போட்டி போட்டுக்கொண்டு வெட்டினோம். வெட்டிய கிளை மிலாரை இழுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு அடுக்கினோம். வேரை ஜேசிபி வந்து பிடுங்கியது. வெட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் மீதி நின்ற முள்ளுக்குப் பின்னால்தான் போய்வந்தோம். நாளைக்கு எங்கே போவது என்று ஒருத்தி வாயிலும் வரவில்லை. கரை மொட்டையாகி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாலையில் போகிற பஸ் தெரிந்த பிறகுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் இருட்டின பிறகுதான். நீர்க்கடுப்பு எல்லோருக்கும் வந்தது. அதற்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சின்னப்பையனிடம் சொன்னேன். தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன், ஏன் குடிப்பதில்லை என்பதைக் கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது. அவன் அன்று சாயந்தரமே பெரிய பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குச் சாக்குத்துணி சுற்றித் தைத்தான், நனைத்து வைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்குமாம். தினமும் காலையில் தானே நிரப்பிக் கொடுப்பான். சாயந்தரம் பாட்டில் காலியாக வர வேண்டும் என்பது அவன் சட்டம். வந்ததும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பான்.

கோடைப் போகமான சொர்ணவாரி நடவு தொடங்கியது. சுப்பிரமணி வீட்டுக் கழனி. இப்போது அவர் மகன் தினேஷ்குமார்தான் பார்த்துக்கொள்கிறான். அவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரோரம் எங்களை விட்டால் போதும். நான் நச்சரித்ததால் பரிமளா அக்கா போய்க் கேட்டாள். தினேஷ்குமாரின் அம்மா எல்லம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே கன்னிமார் கல் இருக்கிறது, நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறு எங்கே என்பதையும் சொல்லவில்லை.

எனக்கு வலது கைப் பக்கம் நடுகிற சிட்டம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த தினேஷு புள்ள நெதம் அந்த செவுத்துலதான் நிக்குது," என்றாள். "கன்னிமாருக்கு ஆம்பளன்னா பரவால்ல போலக்கீது."

எல்லோரும் சிரித்தோம். சிரித்தால் அடிவயிறு வலித்தது. அதற்கும் சிரித்தோம்.

காண்ட்ராக்ட் நடவில் ஒரு முறை உண்டு. எல்லோரும் ஒரே வரிசையாக நின்று, தன் கைக்கு எட்டுகிற அகலத்தை நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் வரிசை கோணும். அப்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவள் இடத்தையும் சேர்த்து நட்டு வரிசையை நேராக்குவார்கள். என்றைக்கோ ஒரு நாள் என்றால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அம்முலுவுக்கு அது தினமும் நடந்தது. நானும் அவளுக்கு அந்தப் பக்கம் நிற்கிற திலகாவும் மாற்றி மாற்றி அவள் இடத்தை நட்டோம்.

பரிமளா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்த போகம் அவள வூட்டுல இருக்கச் சொல்லு ஞானம்," என்றாள். "அவளுக்கும் ஒடம்பு தேறும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் எங்கள் ஆட்களில் ஒரு போகம் நின்றவளுக்கு அடுத்த போகம் இடம் இருக்காது. அம்முலுவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மழைக்காலத்தில் மூட்டை வேலை இருக்காது, சின்னப்பையன் சும்மா உட்கார்ந்திருப்பான். நடவு இல்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு பாதி நாள் எரியாது. நான் இதைச் சொல்வதற்கு முன்பே அம்முலுவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் வெறி பிடித்தவள் மாதிரி நட்டாள். யாரும் அவள் இடத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. பாட்டிலும் சாயந்தரம் காலியாகத்தான் இருந்தது. நான்கூட மனசுக்குள் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அம்முலு மட்டும் தள்ளிப்போய்க் குனிந்திருந்தாள். மயக்கமோ என்று பக்கத்தில் போனேன். அவள் கையில் பாட்டில் இருந்தது, கழுத்து வரைக்கும் தண்ணீரோடு. மூடியைத் திறந்து, வாய்க்கால் ஓரமாக, சத்தம் வராமல் கவிழ்த்துக் கொட்டினாள். சின்னப்பையன் காலையில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் முழுக்க அப்படியே போனது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கேட்டேன். யாரை ஏமாற்றுகிறாய் என்றேன்.

"குடிச்சா அடக்கணும்," என்றாள். "அடக்கினா கை ஓட மாட்டேங்குது. கை ஓடலன்னா பரிமளாக்கா நிறுத்திடும். நீயே சொல்லு, நான் இன்னா பண்றது."



மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தபோது நான் கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு வரப்பேறினேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றேன்.

"குடி."

"வாணாங்க்கா."

"குடி. அப்பால நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தாள். குடிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. பாதிப் பாட்டில் போய்விட்டது. திரும்பக் குனிந்து நட்டோம். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு கை தடுமாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வரிசை கோணியது. நானும் திலகாவும் இரண்டு பக்கமும் நட்டோம். பரிமளா அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா ஆச்சி அவளுக்கு?"

"தண்ணி குடிச்சிக்கீறா," என்றேன். "நாந்தான் குடிக்க வெச்சேன்."

பக்கத்துக் கழனியில் டிராக்டர் சேற்றைக் கலக்கிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் மோட்டார் கொட்டகை, எதிரே மொட்டைக் கரை. நாலு பக்கமும் வெட்டவெளி. பக்கத்தில் சேடை ஓட்டாத காய்ந்த துண்டு ஒன்று இருந்தது. அம்முலுவை அங்கே இழுத்துக்கொண்டு போய் உட்காரச் சொல்லி, சாலைப் பக்கம் முதுகைக் காட்டி நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். ஒரு பக்கம்தான் மறைந்தது. அம்முலு உட்காராமல் குறுகிக்கொண்டு நின்றாள்.

"பரிமளாக்கா, நீ டிராக்டர் பக்கம் நில்லு," என்றேன்.

"லைனு நிக்கிது ஞானம்."

"நிக்கட்டும்."

பரிமளா அக்கா அசையவில்லை. கையில் நாற்று முடியோடு, எதிரே கரையைப் பார்த்தாள். ஒரு செடி இல்லை அதில். அவளுக்கும் நீர்க்கடுப்பு உண்டு. வரிசையில் நட்டுக்கொண்டே அவள் பல்லைக் கடிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"நாந்தான் அலஞ்சி வாங்கினேன் அந்த எடத்த," என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. முடியைச் சேற்றில் போட்டுவிட்டு வந்து டிராக்டர் பக்கம் திரும்பி நின்றாள். திலகா கொட்டகைப் பக்கம் நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான். சிட்டம்மாள் கடைசியாக வந்தாள். உள்ளே முகம் காட்டாமல், வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு வட்டமாக நின்றோம். முந்தானைகளில் சேறு சொட்டியது. அம்முலு நடுவில் உட்கார்ந்தாள்.

தினேஷ்குமார் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தான்: "இன்னா பரிமளா, மாநாடு போட்டுக்கினு கீறீங்க?"

"பொம்பளைங்க சமாச்சாரம் தம்பி. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவன் திரும்பிக்கொண்டான். டிராக்டர்காரனும் வண்டியை அந்தக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அம்முலு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று முந்தானையை விரித்தாள். அடுத்து யார் என்று யாரும் கேட்கவில்லை. திலகா உள்ளே போனாள். பிறகு பரிமளா அக்கா போனாள், வெகு நேரம் வரவில்லை. சிட்டம்மாள், நான் இன்றைக்கு ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லையே, எனக்கு வராது போல இருக்கிறது என்று வருத்தப்பட்டாள். அம்முலு பாட்டிலை அவளிடம் நீட்டினாள். அது கை மாறிக் கை மாறிப் போய் என்னிடம் வந்தபோது ஒரு மடக்குத்தான் மிச்சம். சூடாக இருந்தது. சாக்குத்துணியை நனைக்க மறந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் வேலை இழுத்தது. வழக்கமான நேரத்துக்கு முடியவில்லை. மங்கலில் கடைசி வரிசையை நட்டோம். கரையேறும்போது தினேஷ்குமார் வந்து நின்றான். அடுத்த போகத்துக்கு நடவு மிஷின் பேசப்போகிறேன், அது நிற்காது, தண்ணீர் கேட்காது, எனக்கு இந்தப் பேஜார் வேண்டாம் என்றான்.

"டீசலு குடிக்கும்ல தம்பி," என்றாள் சிட்டம்மாள். "அத்த வுடறதுக்கு உங்க செவுத்தாண்ட இட்டுக்கினு போ."

அவன் சிரித்துவிட்டான். ஆனாலும் மிஷின் என்று சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்தாலும் வருவான். எத்தனையோ ஊரில் வந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்தோம். கைகளை உயர்த்திப் பிடித்துத் தோள்பட்டை எல்லோருக்கும் இழுத்தது. பரிமளா அக்கா பாதி வழியில், நாளைக்கு ஆளுக்கொரு பழைய புடவையும் நாலு சவுக்குக் கழியும் எடுத்து வாருங்கள், தினமும் என்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது என்றாள். அம்முலுவை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்முலு என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.

சின்னப்பையன் வாசலிலேயே நின்றான். ஏன் இவ்வளவு நேரம் என்று கத்தினான். பாட்டிலை வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். நேற்றும் அப்படித்தான் ஆட்டிப் பார்த்தான், நேற்றும் திருப்தியாகத்தான் தலையை ஆட்டினான். இன்றைக்கும் அதே மாதிரி ஆட்டிவிட்டு, அதைக் கழுவப் போனான்.