லென்ஸ்காரரின் சம்மதம்

மழைக்காலமா கோடையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கூட இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லென்ஸ்காரர் செத்துப்போனார் என்பதையும், மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனார் என்பதையும் மட்டும் யாரும் மறுப்பதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். ஞாயிறுதோறும் லிஃப்ட் மெக்கானிக்கின் மாடி வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ கற்பனை செய்துகொள்ள வேண்டும். மெக்கானிக் கதையை நடத்துவார். பாலத்தடியில் அரக்கன் நிற்கிறான் என்பார். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். லென்ஸ்காரரின் ஆள் ஒரு கோடரி வீரன்; வாய்த்துடுக்குக்காரன், சாப்பாட்டுப்பிரியன்.

அந்த மேசைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எதைச் சொன்னாலும் 'என் ஆள்' என்றுதான் தொடங்க வேண்டும். என் ஆள் குதிக்கிறான், என் ஆள் ஒளிகிறான். முன்பொரு முறை லென்ஸ்காரரின் மைத்துனன், கூரியர் வண்டி ஓட்டுகிறவன், மறந்துபோய் 'நான் பறக்கிறேன்' என்று சொல்லிவிட்டான். அன்று ஆட்டம் முடியும்வரை, மேலே மிதந்தவன் தலையில் படாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து எல்லோரும் கவனமாகத்தான் இருந்தார்கள். பாலத்தில் அரக்கனின் உலக்கை இறங்கியபோது லென்ஸ்காரர் உருட்டிய பகடையில் ஒன்று விழுந்தது; அதைவிட மோசமான எண் கிடையாது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் செத்துட்டேன்" என்றார். வாய் தவறிச் சொன்னாரா, சொல்ல நினைத்தே சொன்னாரா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மருத்துவர் நாடி பார்த்தார், இல்லை. ஓய்வெடுக்கச் சொன்னார். கடை முதலாளிக்கு வருத்தம்தான். ஆனால் செத்தபிறகு லென்ஸ்காரரின் கை நடுங்கவில்லை, தேய்ப்பு முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. தானாகத் திறக்கும் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. கொசு கடிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மா, போகிற போக்கில் தன் கண்ணாடியின் காதுப்பக்கம் தளர்ந்திருப்பதைச் சொல்ல, அவரே எழுந்து திருகாணியை முடுக்கிக்கொடுத்தார். படுக்கையில் அவர் பக்கம் சில்லென்றிருந்ததால் மனைவி இடையில் ஒரு போர்வையைச் சுருட்டிவைத்துக்கொண்டாள்.

அவள் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிறவள். எத்தனை பேர் வலியோடு வந்தாலும் அதே குரலில் உட்காரச் சொல்லிப் பழகியவள். அடுத்த ஞாயிறு மாடிப்படி ஏறி வந்து, கூரியர் ஓட்டும் தன் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"உன் விளையாட்டுலதானே செத்தாரு. அதுலயே எழுப்பு."

"எழுப்பலாம்க்கா. அதுக்குப் பெரிய மருத்துவச்சி யாராச்சும் வேணும். நாங்க எல்லாரும் அடிதடி கோஷ்டி."

"ஒரு மருத்துவச்சி அந்த அளவுக்கு வர எத்தனை நாளாகும்?"

"நாளா? வருஷம்னு கேளு."

"தள்ளி உக்காரு."

அப்படித்தான் அவள் சேர்ந்தாள். அவளுடைய மருத்துவச்சியை முதல் ஆட்டத்தில் எலிகள் விரட்டின. தம்பி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சிரிடா. நாளைக்கு உன் ஆளுக்குக் கால் ஒடியும், அப்ப வருவேல்ல" என்றாள், ஒடிந்தது, வந்தான். கழுதைகளுக்குக் கட்டுப் போட்டாள், சேனாபதிக்குக் காய்ச்சல் இறக்கினாள், ஒரு நகரத்தையே கொள்ளைநோயிலிருந்து மீட்டாள். பகடையின் முனைகள் மழுங்கின. தம்பிக்குத் தொப்பை விழுந்தது. லென்ஸ்காரர் ஒவ்வொரு ஞாயிறும் உடன் வந்து, தன் பழைய நாற்காலியில், ஆடுவதற்குத் தனக்கென்று ஓர் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

செத்தவரை எழுப்பும் மந்திரம் ஒருவழியாக அவளுக்குக் கைவந்த அன்று யாரும் டீ குடிக்கவில்லை. பகடை பதினெட்டு காட்டியது. அதோடு முடிவதில்லை; உயிர் தானாக விரும்பித் திரும்ப வேண்டும் என்பது விதி. மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு லென்ஸ்காரரைக் கேட்டார்: "திரும்பி வரச் சம்மதமா?"

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் எழுந்து அடங்கியது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் ஆளுக்குச் சம்மதம்" என்றார்.

"மாமா, நான்னு சொல்லுங்க" என்று தம்பி பதறினான். "ஒரு வார்த்தைதானே மாமா!"

"சரியாத்தான்டா சொன்னேன்."

"ஏங்க?" என்றாள்.

"இப்ப எதுவும் வலிக்கல. அவ்வளவுதான்."

"எனக்கு வலிக்குதே."

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். மெக்கானிக் வேறு வழியில்லாமல் கதையைத் தொடர்ந்தார்: கோடரி வீரன் இருமிக்கொண்டு எழுந்தான், சுற்றிலும் பார்த்தான், எத்தனை வேளைச் சாப்பாடு பாக்கி என்று கேட்டான். அதை லென்ஸ்காரர்தான் கேட்டார், உரத்த குரலில், கண்களை உருட்டிக்கொண்டு. அவ்வளவு நாளாக யாரும் கேட்டிராத குரல். அவள் டம்ளரை எடுத்துத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். பிறகு, தன் ஆள் அவனுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்றாள்.

மெக்கானிக் ஓய்வுபெற்றுவிட்டார், முழங்கால் வலியால் இப்போது மேசையைக் கீழ்வீட்டுக்கு மாற்றியிருக்கிறார். தம்பி கல்யாணம் செய்துகொண்டு, மனைவிக்கு விளையாட்டுப் பிடிக்காததால் மாதம் ஒருமுறைதான் வருகிறான். லென்ஸ்காரர் அதே கடையில் இருக்கிறார், செத்தவராகவே, ஒரு முடிகூட நரைக்காமல். அவர் மனைவிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மேசையில், மருத்துவச்சியும் கோடரி வீரனும் ஒரு கணவாயின் அடிவாரத்தில் சத்திரம் வைத்து நடத்துகிறார்கள். போன ஞாயிறு அங்கே கூரை ஒழுகியது. ஓடு மாற்றச் சொல்லி எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று அவள் கத்த, இவன் பதிலுக்குக் கத்த, சாயங்காலம்வரை சண்டை ஓயவில்லை.