மூன்றாவது லைன்

ஃபிளெக்ஸ் கடைக்காரர் மூன்றாவது முறையாகப் போன் பண்ணிவிட்டார்.

"போட்டோ இன்னும் வரலியே மேடம். பத்து மணிக்குள்ள அனுப்புனாதான் பிரின்ட் போட முடியும்."

சங்கீதா சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அப்பாவின் போனில் தேடிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் போட்டோவுக்கு நிற்கிற ஆள் இல்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று. போன வருஷம் ஏப்ரலில் கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்பின் முதல் நாள் கல்யாண மண்டப வாசலில் எடுத்தது. நீல நிற மேல்கோட்டு மாட்டிய நாற்பது பெண்கள், நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கேமராவை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலால் ஓரங்களை உள்ளே இழுத்து ஒவ்வொரு பெண்ணாக வெட்டினாள். கடைசியில் அவர் தோளோடு யாருடைய காதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு இழுத்தும் அது போகவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் அடங்கிவிட்டார். ஐம்பத்தாறு வயது. ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம். அதில் பதினாறு வருஷம் மூன்றாவது தையல் லைனுக்கு சூப்பர்வைசர். மூன்று வாரமாக மூட்டு வலி என்று லீவில் இருந்தார்.

எதிர்வீட்டு முபஷ்ஷிரா பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ரயிலிலிருந்து பேசிய அண்ணன் கோபி, ஜோலார்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடுவதாகச் சொன்னான். ரெண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் சங்கீதா எதிர்பார்த்த முகங்கள் வேறு. அப்பா ஒவ்வொருவருடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் நின்றவர். போட்டோவில் நின்ற மூன்றாவது லைன் பெண்கள் நாற்பது பேரில் ஒருத்தியாவது வரவேண்டாமா? எல்லாருக்கும் காலையிலேயே செய்தி சொல்லியாகிவிட்டது.

பதினோரு மணிக்கு மேல் ஒருத்தி வந்தாள். சவுரியம்மாள். அப்பாவின் லைனில் முதல் மிஷின் அவளுடையதாக இருந்தது. மாலை இல்லை. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவள்போலக் கையில் டிபன் பை. பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். சிலுவைக்குறி போடக் கையைத் தூக்கியவள் பாதியில் இறக்கிவிட்டாள். பிறகு பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லருகே நின்றுகொண்டாள்.

சங்கீதா ஒரு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு போனாள்.

"நீங்களாவது வந்தீங்களே அக்கா. மத்தவங்களுக்கெல்லாம் இன்னா கோவம்? கம்பெனிக்காரன் பண்ண வேலைக்கு எங்கப்பா இன்னா பண்ணுவாரு?"

சவுரியம்மாள் டம்ளரை வாங்கவில்லை.

"வரக்கூடாதுன்னு யாரும் பேசி வச்சுக்கல பாப்பா. யாருக்கும் இங்க வரக் கால் எழல."

"அவரையும்தான ஏமாத்துனாங்க. எத்தினி நாளு சாப்பிடாம ஒக்காந்திருந்தாரு தெரியுமா?"

சவுரியம்மாள் கல்லின்மேல் டிபன் பையை வைத்தாள்.

"எங்க வூட்டுக்கு மூணு தரம் வந்தாரு உங்கப்பா. மொத தரமே என் வூட்டுக்காரரு வேணாம்னுட்டாரு. வேலய எழுதிக் குடுத்துட்டு ட்ரெயினிங் போறதா, யாராவது செய்வாங்களான்னாரு. வேலாயுதண்ணன்தான் ஒக்காந்து பொறுமையா சொன்னாரு. கம்ப்யூட்டர் தையல் மிஷின் வரப்போவுது, பழைய மிஷின்ல இனிமே வேல கம்மி, ஆறு மாசம் கத்துக்கிட்டு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா புது யூனிட்ல அப்பிடியே எடுத்துப்பாங்க, நான் பொறுப்புன்னாரு. அவரு சொன்னதுக்கோசரம்தான் கையெழுத்துப் போட்டேன். நாப்பது பேரும் அப்பிடித்தான். கம்பெனிய யாரு நம்புனா?"

"அப்பாவும் அதைத்தான் நம்புனாரு அக்கா."

"மண்டபத்துல ரெண்டே மிஷினு. ஒண்ணுக்குக் கடசி வரைக்கும் கவரே பிரிக்கல. காலைல அட்டெண்டன்ஸுக்கு வெரல் வைக்கணும், போட்டோ எடுத்துக்கணும், சாயங்காலம் வெரல் வைக்கணும். கேட்டா, பொறுமையா இரும்மா, எல்லாம் வரும்னாரு. அக்டோபர்ல புது யூனிட் கேட்டுல போய் நின்னா, முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்கறதில்லன்னு செக்யூரிட்டி சொல்றான். எனக்கு நாப்பத்தி நாலு. எங்கள்ள ஜாஸ்தி பேரு நாப்பதத் தாண்டுனவங்கதான். நான் இப்ப பிரியாணிக் கடைல வெங்காயம் உரிக்கிறேன்."

சங்கீதாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மூணு வாரம் முன்னாடி அண்ணன் கடைக்கு வந்தாரு. சாப்பிடத்தான் வந்தாருன்னு எல போட்டேன். ஒக்காரல. பின்பக்கம் கூட்டிட்டுப் போயி சொன்னாரு. வயசுக் கணக்கு மொதல்லயே பேப்பர்ல இருந்துச்சாம். நாங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுமாம்."

"பொய்."

"அப்பவே ஆபீஸ்ல போயி கேட்டாராம். உங்க பொண்ணு டிசைன் செக்ஷன்ல இன்னும் பர்மனென்ட் ஆவலியே, அத மொதல்ல பாருங்கன்னாங்களாம். நீயே எல்லாருக்கும் சொல்லிடு சவுரி, எனக்கு வாய் வரலன்னாரு. மறுநாளே சொல்லிட்டேன். மறச்சு வைக்க எனக்கு இன்னா இருக்கு?"

சொல்லிவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டாள். "இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். நீ கேட்டதால சொன்னேன். இருபத்திரெண்டு வருஷம் அண்ணன்னு கூப்புட்டேன். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பக்கவாட்டுச் சந்து வழியாகவே அவள் வெளியேறினாள். கூடத்துக்குள் மறுபடி வரவில்லை.

பொய் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கச் சங்கீதாவுக்கு வாய் எழவில்லை. போன வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா நாலாக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்குது. இதுல வயசப் பத்தி இன்னாமோ போட்டுருக்கு பாரு." எண்ணெய் படாமல் நுனி விரலால் பிடித்துப் படித்தாள். "வேல குடுக்கறதுக்கு வயசு முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணுமாம்பா." "நல்லாப் பாத்தியா?" "பாத்துட்டேன்பா." அவர் வாங்கி மறுபடியும் நாலாக மடித்தார். எதுக்கு என்று அவளும் கேட்கவில்லை. மே மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அப்பா பிரியாணி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். அக்டோபரில், "நம்மள நல்லா ஏமாத்திட்டானுங்க சங்கீதா" என்று இதே கல்லின்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவளும் கூடவே அழுதாள். அந்த அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஜயகுமாரி அணைந்துபோன ஊதுவத்திகளை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"சவுரி அக்கா சொல்றது உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா இன்னா என்று கேட்கவில்லை. தீக்குச்சி ஒன்றைக் கிழித்தாள். அது பற்றவில்லை. இன்னொன்றைக் கிழித்தாள்.

"உன் வேல நிக்கணும்னு நெனச்சாரு. வேற இன்னாத்த நெனப்பாரு?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ போவமாட்டேன்னு வூட்ல ஒக்காந்துருப்ப."

அவ்வளவுதான். ஊதுவத்திப் புகை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் படர்ந்து மெல்லக் கலைந்தது. உள்ளே அப்பாவின் மூக்கில் வைத்திருந்த பஞ்சு ஒரு பக்கம் நழுவியிருந்தது. காலையில் பார்த்திருந்தால் பெட்டியைத் திறந்து சரி செய்யச் சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டரைக்குக் கம்பெனியிலிருந்து வந்தார்கள். பெரிய மலர் வளையம், அதில் கம்பெனிப் பெயர் போட்ட ரிப்பன். எச்.ஆர். மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வளையத்தை வைத்து, கண்ணை மூடி நின்றார். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கோபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க தம்பி. லேபர்ல ஒரு சின்ன சத்தம்கூட வராம அந்த மாற்றத்த முடிச்சுக் குடுத்தாரு" என்றார். கோபி தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வாசலில் ஷூவை மாட்டும்போது மேனேஜர் சங்கீதாவைக் கூப்பிட்டார்.

"காரியமெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வாம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் இல்ல. அப்பறம், இப்ப பேசற விஷயம் இல்லதான். அஞ்சாவது லைனுக்கு அடுத்த பேட்ச் ட்ரெயினிங் ஆரம்பிக்கப் போறோம். நீ கோஆர்டினேட்டரா இருந்தா நல்லாருக்கும். அப்பா பேருக்கு லேடீஸ் மத்தியில ஒரு மரியாத இருக்குது பாரு."

"அதுக்கும் வயசு முப்பத்தஞ்சுதானா சார்?"

அவர் குனிந்து லேஸைக் கட்டி முடித்தார்.

"நிதானமா பேசலாம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ரெண்டு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கரிசி போடச் சங்கீதாவைக் கூப்பிட்டபோது அவள் போட்டாள். சில அரிசிகள் உதட்டில் நிற்காமல் கழுத்துப் பக்கம் உருண்டன. அவளுக்கு அழுகை வரவில்லை. "அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத" என்று யாரோ முதுகைத் தடவினார்கள்.

மேளம் முன்னால் போக, பாடை பின்னால் போனது. பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். அங்கிருந்து மெயின் ரோடு. ரெண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ் பாடைக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தது. காலையில் அவளை ஏற்றிப் போகிற அதே பஸ்தான். ஜன்னல்களில் சின்னப் பெண்கள். ஒருத்திக்கும் இருபத்தைந்து இருக்காது. சிலர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்கள். வேலாயுதம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பாடை தாண்டிப் போனது. மேளச் சத்தம் பாலத்துப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. மற்ற பெண்கள் வீடு கழுவத் திரும்பினார்கள். சங்கீதா அங்கேயே, வெறுங்காலோடு, அவிழ்ந்த தலையோடு நின்றாள்.

பஸ் நகர்ந்தது. தினமும் அவள் நிற்கிற இடம் வந்ததும் டிரைவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார். அவள் எதிரில் கதவு மடங்கித் திறந்தது. அவளை அடையாளம் கண்ட டிரைவர் சட்டென்று பாட்டை நிறுத்தினார். உள்ளே அத்தனை பெண்களும் அவளையே பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.