அறிக்கையில் சிரித்தவள்

எங்கள் அலுவலகத்தில் அழுகைக்கு ஒரு மாதம், சிரிப்புக்கு ஒரு மாதம். ஜூனில் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவேன். அதில் எல்லாத் தாய்மாரும் அழுவார்கள். மார்ச்சில் நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவேன். அதே தாய்மார் அதில் சிரித்தாக வேண்டும். துணையில்லாமல் பிள்ளை வளர்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற தொண்டு நிறுவனம். பதினொரு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. நானும் தனியாகப் பிள்ளை வளர்த்தவள், அதனால் உருக்கமாக எழுத வரும் என்று சொல்லித்தான் நிறுவனத்தை நடத்துகிற மேடம் என்னை வேலைக்கு எடுத்தார். வந்தது, என்ன செய்ய.

நர்ஸம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற பெண்ணுக்கு நர்ஸிங் முடிய ஒரே ஒரு வருஷம் பாக்கி. புருஷன் போன இடம் தெரியாது. ஆறு வயது மகளைக் கல்லூரிப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு இவள் உள்ளே பரீட்சை எழுதுவாள். அந்தப் படிக்கட்டை வைத்து நான் எழுதிய விண்ணப்பத்துக்குத்தான் ஒரு அறக்கட்டளை நாற்பது பேருக்குப் பணம் கொடுத்தது.

மார்ச் வந்தது. அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'முன்னேற்றம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் மேடம் முகம் சுளிப்பார். நர்ஸம்மா சனி, ஞாயிறு ஒரு மருந்துக்கடையில் நிற்பதாகவும், மகளுடைய பள்ளி வேனுக்கு அது சரியாகப் போகிறது என்றும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். 'மருந்துத் துறையில் வேலை பெற்று, இன்று சொந்தக் காலில் நிற்கிறார்' என்று எழுதினேன். பக்கத்தில் போட்டோ. பல் தெரியச் சிரிக்கச் சொன்னதும் நான்தான்.

பத்து நாளில் அறக்கட்டளையிலிருந்து பதில். மிக்க மகிழ்ச்சியாம். சொந்தக் காலில் நிற்கிறவருடைய இடத்தை இன்னும் தேவைப்படுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடலாமாம். அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டது என் கை.

மேடம் அறைக்கு ஓடினேன். வாரத்துக்கு இரண்டு நாள் வேலைதான் என்று திருத்தி ஒரு கடிதம் அனுப்பலாம் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாம எழுதினது பொய்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? நாப்பது பேருக்கும் நின்னுடும். ஒருத்திக்காக மத்தவங்களைத் தெருவுல விடச் சொல்றீங்களா?"

வாயை மூடிக்கொண்டு வந்தேன். மற்ற முப்பத்தொன்பது பேருக்காகத்தான் மூடினேன் என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய் அறிக்கை ஆகிவிடும். என் சம்பளமும் அதே நிதியிலிருந்துதான் வந்தது. பாழாய்ப்போன வயிறு.

மறுவாரம் நர்ஸம்மா வந்தாள். கடைசி வருஷக் கட்டணத்துக்கு ஏன் இன்னும் கடிதம் வரவில்லை என்று கேட்டாள். பூசி மெழுகத் தெம்பில்லை. அறிக்கையைப் பிரித்து அவள் பக்கத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா," என்றாள். "இவளுக்கு என்ன குறைச்சல்? நானா இருந்தாலும் இவளுக்குக் குடுத்திருக்க மாட்டேன்."

அப்புறம் அந்தப் போட்டோவில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். அம்மா சிரிக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு போனாள். இப்போது மருந்துக்கடையில் வாரம் முழுக்க நிற்கிறாள்.

ஜூனில் புது அறக்கட்டளை ஒன்றுக்கு எழுத வேண்டியிருந்தது. உருக்கமாக யாராவது கிடைப்பார்களா என்று கேட்ட மேடமே பதிலும் சொன்னார்.

"கடைசி வருஷத்துல படிப்பு நின்னுபோன அம்மா ஒருத்தி இருக்காங்கல்ல. அதையே எழுதுங்க."

எழுதினேன். படிக்கட்டு, மகள், மருந்துக்கடை, எல்லாம். எதனால் நின்றது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்லவில்லை.

அறுபது பேருக்கு நிதி வந்தது. அவளுக்கு இல்லை. படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பது விதி.