பீலித் தண்ணீர் சிவந்த நாள்

கத்தரீனா மண்டபத்துக்குள் நுழைந்தபோது, அவளுடைய குரல் அவளுக்கு முன்பே அங்கே பேசிக்கொண்டிருந்தது.

"தண்ணி செவந்துச்சுன்னா மலை அசையுதுன்னு அர்த்தம். புள்ளைங்கள தூக்கிக்கிட்டு எறங்கிறணும்."

அம்பிட்டிய மாதா கோயில் மண்டபத்தில் கண்காட்சியின் முதல் நாள். நடுவில் சிமெந்தால் செய்த ஒரு பொய்ப் பீலி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் மலையூற்றுத் தண்ணீர் விழுகிற பீலியை அப்படியே பார்த்துச் செய்தது. அதன் தொட்டியில் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் அடியிலுள்ள கருவி கண்டுபிடித்துவிடும். எதிரே திரையில் மலை சரியும், பதிவு செய்து வைத்த லயத்துக் கத்தரீனாவின் குரல் எழும். லயத்துப் பெண்கள் விடியலில் குடத்தை வைப்பதற்கு முன் ஒரு கண்ணாடிக் கிளாசில் பீலித் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த வழக்கத்தை வைத்து இதையெல்லாம் வடிவமைத்தவள் அலவத்துகொடையைச் சேர்ந்த ரபீகா.

செலவு தோட்டக் கம்பனியுடையது. திறந்து வைத்தவரும் தோட்டத்து மெனேஜர் ஜெயராஜ்தான், லயத்தார் வாயில் 'தொரை'. நம் மக்களின் அறிவை உலகம் மதிக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசிவிட்டு, கையில் பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றார். லயத்துப் பெண்கள் ஆறு பேரைப் படம் பிடிப்பதற்காக அழைத்து வர ஒரு பஸ் மலைக்குப் போயிருந்தது. அதற்குக் காத்திராமல் ஓட்டோ பிடித்து வந்திருந்தாள் கத்தரீனா. சேலை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு போத்தல்.

நேராக ஜெயராஜிடம் போனாள். காலையிலிருந்து பீலி சிவப்பாக வருகிறது, லயத்தின் கடைசி அறையான காம்பராவுக்குப் பின்னால் நிலம் வாய் பிளந்திருக்கிறது, கீழே பெயின்ட் அடித்துப் பூட்டி வைத்திருக்கிற பங்களாவைப் பன்னிரண்டு குடும்பத்துக்குத் திறந்துவிடுங்கள் என்றாள்.

அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. கண்டியிலிருந்து ஆட்கள் வந்து அளந்து ரிப்போர்ட் தர வேண்டும் என்றார். பங்களாவுக்கு நாளை வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். போன மழைக்குக் கேட்காமல் இறங்கியவர்களுக்கு அந்த வாரம் வேலைக் கணக்கில் பேர் விழவில்லை, சம்பளமும் இல்லை. அதையும் சிரித்தபடி ஞாபகப்படுத்தினார்.

கத்தரீனா திரும்பி நடந்தாள். போத்தலைத் திறந்து பொய்ப் பீலியின் தொட்டியில் கவிழ்த்தாள்.

திரையில் மலை சரிந்தது. அவள் குரலே அவளை இறங்கச் சொன்னது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். போன்கள் உயர்ந்தன. நன்றாக நடிக்கிறாள் என்று யாரோ பாராட்டினார்கள்.

"இது நாடகம் இல்லைங்க. காலையில புடிச்ச தண்ணி."

கைதட்டல் பிசுபிசுத்து நின்றது. கத்தரீனா ரபீகாவைப் பார்த்தாள்.

"மிஸ், நான் பேசுனதுல பாதிதானே இதுல வருது? எறங்கணும், ஆனா தொரை வாய் தெறக்காம எங்க ஆளுங்க ஒரு அடி வைக்க மாட்டாங்கன்னு சொன்னேனே. அந்தப் பாதி எங்க?"

அது ரபீகாவின் கணினியில் கிடந்தது. ஜெயராஜ் வெட்டச் சொன்னார், வெட்டியிருந்தாள். அவள் முகம் கொதித்தது. யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பஸ்ஸோடு மலைக்குப் போயிருந்த தம்பி நபீலுக்குப் போன் எடுத்து, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். லயத்தில் இருக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வா என்றாள்.

"சொல்லிப் பாத்துட்டேன் ராத்தா. ஒருத்தரும் ஏறுறாங்க இல்ல. பேர் போடுற கணக்கப்புள்ள பஸ் வாசல்ல நிக்கிறாரு. ஆறு பேருக்குத்தான் தொரை சொன்னதாம்."

ஜெயராஜ் தோளைக் குலுக்கினார். "பாத்தீங்களா? அங்க இருக்கிறவங்களுக்கே பயமில்ல. இவதான் ஆடுறா."

கத்தரீனா போனைப் பிடுங்கினாள். "லெட்சுமணன் கணக்கப்புள்ளைய கூப்பிடுங்க... நான் கத்தரீனா. தொரை எம் பக்கத்துலதான் நிக்கிறாரு. எல்லாரையும் ஏறச் சொல்லிட்டாரு."

போனுக்குள் மழை இரைந்தது. பிறகு லெட்சுமணனின் சந்தேகக் குரல்.

"தொரைகிட்ட குடு."

அவள் போனை ஜெயராஜின் வாயருகே நீட்டினாள். நடிப்பென்று படம் பிடிக்க உயர்ந்த போன்கள் இன்னும் இறங்காமல் இருந்தன. இப்போது எல்லாம் அவர் முகத்தின் மேல். அவர் அந்தக் கண்ணாடிக் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பற்றிஸ் தட்டு சாய்ந்து கடைசித் துண்டு கீழே விழுந்தது.

"ஆமா. ஏறட்டும்."

போனுக்குள் ஒரே கூச்சல். குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தம். இணைப்பு அறுந்தது.

"இதுக்கு நீ பதில் சொல்ல வேண்டி வரும்," என்றார் ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்றேன். மொதல்ல எங்க சனம் எறங்கட்டும். இனி எம் பேர போடாதீங்க, போங்க."

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரனிஸ்லாஸ் பதறிக்கொண்டு வந்தார். கண்காட்சி ஒரு வாரத்துக்கல்லவா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று ரபீகா திரையின் வயரைப் பிடுங்கினாள். இங்கே பன்னிரண்டு குடும்பம் படுக்க வேண்டும் என்றாள். அவர் ஜெயராஜைப் பார்த்தார், கத்தரீனாவின் நனைந்த சேலையைப் பார்த்தார், கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்.

ரபீகா கத்தரீனாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கத்தரீனா காது கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சிமெந்துத் தொட்டியைக் காட்டினாள்.

"ஒரு கை புடிங்க மிஸ். நடுவுல எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது."