வாசல் வரைக்கும்

பூஜிதா தன் போஸ்டரை ஒட்டிவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் மண்டல அறிவியல் மாநாடு. மாணவர் ஆராய்ச்சிக்குப் பரிசு உண்டு. தென்னையின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈயை மருந்தில்லாமல், ஒரு குட்டிக் குளவியை வைத்தே அடக்கலாம் என்பது அவள் ஆராய்ச்சி. நடுவர்கள் வரும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து போஸ்டர்க்காரி ரித்திகாவுக்கு அம்மா, அப்பா, சித்தி, சித்தி பிள்ளைகள் என்று ஒரு வேன் சனம் வந்திருந்தது. விஞ்ஞானமாவது மண்ணாவது, சித்தி டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார்.

"உங்க ஊட்ல யாரும் வரலீங்களா அம்மணி?"

பூஜிதாவின் வாயில் முறுக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று.

அம்மா இறந்துபோனபின் அப்பா அரங்கசாமி கிணத்துக்கடவுத் தோப்பில் தனி, இவள் ஹாஸ்டலில் தனி. இருவருக்கும் நடுவே பேச்சை நடத்தியவள் அம்மாதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது போனில் "சாப்ட்டயா?" "சாப்டேங்ப்பா" என்பதோடு சரி. ஆனாலும் மகள் கேட்டாள் என்று, அக்கம்பக்கத்தார் கேலியைக் காதில் வாங்காமல், பாதித் தோப்புக்கு மருந்தடிக்காமல் விட்டவர் அவர். பரிசு கிடைத்தால் அதைப் பார்க்க அவர் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வாங்கப்பா" என்று போனில் சொல்லியிருந்தாள். "பாக்கலாம் கண்ணு" என்றார். பள்ளி ஆண்டுவிழாவுக்கும் பாக்கலாம், பட்டமளிப்புக்கும் பாக்கலாம். பிறகு சரியாக விழா நேரத்துக்கு ஒரு போன் வரும்: மோட்டார் ஓடலை, ஆள் வரலை.

நடுவர்கள் நெருங்கும்போது போன் அதிர்ந்தது. அப்பா. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட் பண்ணினாள். மறுபடி அதிர்ந்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. "மாணவியோட அப்பா அம்மா வந்திருந்தா மேடைக்கு வாங்க" என்று மைக்கில் அழைத்தார்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் எழவில்லை. ரித்திகாவின் சித்தி இரக்கப்பட்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அதில்தான் வந்தது.

விழா முடிந்து வெளியே வந்தவளைக் கல்லூரி கேட்டருகே வாட்ச்மேன் சகாயம் நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, பரிசு வாங்குன பூஜிதா நீங்கதானுங்களா? உங்கப்பா ரொம்ப நேரம் இங்கயே நின்னாருங்க. உள்ள போங்கன்னேன். 'பொண்ணு வந்து வாங்கன்னு சொல்லட்டும், அதானுங்க முறை'ன்னுபோட்டாரு. இப்பத்தான் போனாருங்க."

பங்காளி வீட்டுக் கல்யாணமானாலும், வாசலில் ஒருவர் கைகூப்பி "வாங்க" என்று சொல்லாமல் அப்பா பந்தலுக்குள் கால் வைக்க மாட்டார். அது தெரிந்தே வளர்ந்தவள் அவள். தெரிந்து என்ன பயன்?

போனை ஆன் பண்ணி அப்பாவைக் கூப்பிட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"உன்ர பேரு ஸ்பீக்கர்ல வெளிய வரைக்கும் கேட்டுச்சு கண்ணு. நல்லா சத்தமாச் சொன்னாங்க."

"அப்பா அம்மா வாங்கன்னு கூப்டாங்களேப்பா, அது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு. அவிக கூப்டாங்க. நீ போனைக் கட் பண்ணீட்டியே. நான் அங்க வந்தா உனக்குச் சங்கடமோன்னு நெனச்சுட்டேன்."

பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"சாப்ட்டயா?"

"இல்லீங்ப்பா" என்றாள். "அடுத்த பஸ்ஸுல ஊட்டுக்கு வரட்டுங்களாப்பா?"

"வா கண்ணு" என்றார்.